முட்டை பற்றிய மயக்கங்கள்

எளியோர்க்கும் கைக்கெட்டும் நல்லுணவுகளுள் கோழி முட்டையும் ஒன்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. உடலை வளர்த்தற்கு இன்றியமையாத புரதக் கூறுகள் யாவும் அதில் நிறைந்துள்ளன. தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் 1989ஆம் ஆண்டு முதல் முட்டையும் இடம்பெற்றது. இத்துணைப் பழகிய பொருளைப் பற்றியும் மக்களிடையே மயக்கங்கள் பல உலவுகின்றன. அவற்றால் ஏழையின் காசு வீணாகிறது. சிற்சில வேளைகளில் உடல்நலமும் கெடுகிறது.

பழுப்பு ஓடுடைய முட்டையே சத்து மிக்கது என்பர் பலர். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகார்ன் என்னும் இனம் வெண்ணிற முட்டையிடும்; ரோடு ஐலண்டு சிவப்பு என்னும் இனம் பழுப்பு முட்டையிடும். கறுப்புப் பசு தருவதும் வெள்ளைப் பசு தருவதும் பாலே அன்றோ? அதுபோலவே ஓட்டின் நிறத்தால் சத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மஞ்சட்கருவின் நிறமோ தீனியால் அமைவது. மக்காச்சோளமும் பசுந்தழையும் மிகுதியாகத் தின்ற கோழியின் மஞ்சட்கரு ஆழ்ந்த நிறம் பெறும்.

பச்சை முட்டையே வலிமை தரும் என்பது மற்றொரு மயக்கம். பூப்பெய்திய பெண்மக்களுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. அன்பினால் எழுந்த வழக்கமே எனினும் அதனால் விளையும் பயன் குறைவு. பெல்சிய நாட்டு ஆராய்ச்சியாளர் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு செரித்தது. பச்சை முட்டையிலோ 51 பங்கே செரித்தது. மேலும், பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருத்தல் கூடும். வெண்கருவும் மஞ்சட்கருவும் நன்கு இறுகும்வரை வேகவைத்தால் அக்கிருமி அழியும்.

முட்டை ஒவ்வொன்றிலும் குஞ்சின் உயிர் உறைகிறது என எண்ணுவாரும் உளர். சேவலின்றியும் கோழி முட்டையிடும். பண்ணைகளில் உணவுக்கென வளர்க்கப்படும் கோழிகளோடு சேவலை விடுவதில்லை. அவை இடும் முட்டைகளை எத்துணை நாள் அடைகாத்தாலும் குஞ்சு பொரியா.

மஞ்சட்கரு நெஞ்சுக்குக் கேடு என்னும் அச்சம் அறிஞரிடமிருந்தே பரவியது. அமெரிக்க இதயச் சங்கம் 1968ஆம் ஆண்டில், வாரத்திற்கு மூன்று மஞ்சட்கருவுக்கு மேல் உண்ணலாகாது என அறிவுறுத்தியது. அதில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் மிகுந்திருத்தலே காரணம். ஆனால், நம் உடலிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதியை உடல் தானே ஆக்கிக்கொள்கிறது என்பதும், உணவிலுள்ளது பெரும்பாலோர்க்குச் சிறிதளவே அதனைக் கூட்டுகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. 2015ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க உணவு நெறிமுறைகள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்னும் பழைய வரம்பைக் கைவிட்டன. ஆயினும் நீரிழிவும் இதயநோயும் உடையோர் மருத்துவர் சொற்படி அளவறிந்து உண்ணுதல் வேண்டும்.

அறிஞரே தம் பழைய முடிவை ஆராய்ந்து திருத்திக்கொண்டனர். எனின், வழிவழியாகக் கேட்ட சொல்லை ஆராயாது நம்புதல் எங்ஙனம் தகும்? முட்டையை ஓட்டின் நிறங்கண்டு மதித்தலும், ஒரு செய்தியைச் சொல்வார் பெருமை கண்டு ஏற்றலும் ஒரே தன்மையன. உடைத்துப் பார்ப்பவர்க்கே உள்ளிருப்பது விளங்கும்.