ஆற்று மீனும் பூச்சி நஞ்சும்

தானா ராத்தாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர்கள், ஓய்வு நாளில் தூண்டிலும் கையுமாகப் பெர்த்தாம் ஆற்றங்கரைக்குச் செல்வது புதிதன்று. அங்கே பிடிபடும் மீனைப் பற்றி நாம் அறிய வேண்டியவை சில உண்டு.

பயிர்ப் பூச்சிகளைக் கொல்லத் தெளிப்பதை நாம் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனைக் கட்டுப்படுத்தும் 1974ஆம் ஆண்டுச் சட்டமோ, 'ராச்சுன்', அதாவது நஞ்சு, என்றே குறிப்பிடுகிறது. சட்டத்தின் சொல்லே பொருத்தமானது.

தேயிலைச் செடி மண்ணை மூடி நிற்கும். மலைச்சரிவில் அமைந்த காய்கறிப் பாத்திகளோ அறுவடைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும். பெருமழை அம்மண்ணை ஆற்றில் சேர்க்க, ஆறு அதனை ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படியவைக்கிறது. டி.டி.டி., எண்டோசல்பான் போன்ற நஞ்சுகள் நீரில் எளிதில் கரைவதில்லை. மண் துகளில் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் கிடக்கும். எண்டோசல்பான் நம் நாட்டில் 2005இல் தடை செய்யப்பட்டது. அதன் பின்னரும் பெர்த்தாம், தெர்லா ஆறுகளில் இவ்வகை நஞ்சுகளின் எச்சங்களை ஆய்வாளர்கள் கண்டனர்.

சேற்றுப் புழுவைச் சிறு மீன் உண்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் உண்கிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு கொழுப்பில் சேர்ந்து பெருகுகிறது. அமெரிக்காவின் கிளியர் ஏரியில் கொசு போன்ற சிறு பூச்சிகளை ஒழிக்க 1949 முதல் டி.டி.டி.யின் இனமான ஒரு நஞ்சைக் கலந்தனர். நீரில் 10 கோடிப் பங்கிற்கு 2 பங்கே இருந்த அந்நஞ்சு, மீனுண்ணும் முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 10 இலட்சத்திற்கு 1,600 பங்காக உயர்ந்திருந்தது. பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன.

மனிதன் மீனுண்ணும் உயிரே அல்லவா? இந்நஞ்சுகள் நம் கொழுப்பிலும் தங்கி, தாய்ப்பால் வழியே குழந்தையையும் அடைகின்றன; நரம்பையும் கல்லீரலையும் தாக்க வல்லவை. எப்போதோ ஒரு முறை உண்பவரைவிட, ஆற்று மீனையே அன்றாட உணவாகக் கொண்ட ஓராங் அஸ்லி மக்களுக்கே இதில் கவலை மிகுதி.

மீன் துள்ளுகிறது, ஆகவே நஞ்சில்லை என்று எண்ணலாகாது. மீனின் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் குடலையும் நீக்கிச் சமைத்தால் நஞ்சு ஓரளவு குறையும். கொதிக்க வைப்பதால் மட்டும் அழியாது. செத்து மிதக்கும் மீனை எக்காரணத்திற்காகவும் எடுக்கலாகாது. தெளிப்பானை ஓடையில் கழுவாமல், கழுவிய நீரைத் தெளித்த பாத்தியிலேயே விட வேண்டும். வெற்றுப் போத்தலை மும்முறை அலசித் துளையிட்டுவிட்டால், அதில் எவரும் குடிநீர் பிடிக்க மாட்டார்கள்.