கறிகாய்த் தோட்டமும் அடுப்பங்கரையும்
புதுச்சேரி அருகே செம்மண் மேடு தரும் பாடம்

வீட்டுக் கறிகாய்த் தோட்டம் போடாமைக்குக் குடியானவர்கள் பெரும்பாலும் கூறும் காரணம், நிலம் சாரமற்றது, எருவும் போதாது என்பதே. இக்காரணம் எவ்வளவு பொருந்தும் என்பதைப் புதுச்சேரி நகருக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்திலுள்ள செம்மண் மேட்டைக் கொண்டு ஆராய்தல் நலம்.

நிலத்தின் வரலாறு

மரங்கள் வெட்டப்பட்டும் கால்நடைகள் ஓயாது மேய்ந்தும் இம்மேடு வெறுந்தரையாயிற்று. ஐப்பசி, கார்த்திகைப் பெருமழை மேல்மண்ணை வாரிக் கடலிற் சேர்த்தது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி ஆரோவில் நகரம் இங்கு தொடங்கப்பட்டபோது, ஓடைகள் அரித்த பொட்டலே பெரும்பாலும் எஞ்சியிருந்தது. அங்கு குடியேறியோர் முதலில் கரைகள் போட்டு மழைநீரைத் தேக்கினர். பின்னர் மரங்கள் நட்டனர். பயிர் அதன் பின்னரே வந்தது.

1994-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெபிள் கார்டன் என்னும் தோட்டம் இதற்குத் தக்க சான்றாகும். கூழாங்கல் நிறைந்த அந்நிலத்தில் ஆஸ்திரேலிய வேல மரங்களை வளர்த்து, அவற்றின் தழையைக் கொண்டே மண் உண்டாக்கப்பட்டது. இன்று அங்கே நாட்டுக் கறிகாய் வித்துகள் பேணப்படுகின்றன. எரு கிடைத்த பின் தோட்டம் என்று காத்திராமல், எருவையும் அந்நிலத்திலேயே விளைவிக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

எருக்குழி

நிழலான மேட்டுப்பாங்கில் 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழி ஒரு குடும்பத்திற்குப் போதும். அரை அடி கனத்திற்குச் சருகு பரப்பி, அதன்மேல் காய்த்தோல், கீரைத்தண்டு முதலியவற்றையும் பச்சைத் தழையையும் இட்டு, சாணக் கரைசல் தெளித்து, சிறிது மண் தூவ வேண்டும். இவ்வாறே அடுக்கிக்கொண்டு வருக. ஈரம் குறைந்தால் மக்காது; நீர் தேங்கினால் அழுகி நாறும். மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று அல்லது நான்கு மாதங்களில் எரு பக்குவமாகும். சருகைக் கொளுத்துவது எருவைக் கொளுத்துவதேயாகும். கிராம அதிகாரிகள் இதை ஊராருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

வித்து

கத்தரி, வெண்டை, அவரை ஆகியவற்றில் நோயற்ற செடியைத் தெரிந்து, நடுக்காய்ப்பில் முற்றிய காய்களை வித்துக்கு விடுக. உலர்த்திச் சாம்பல் கலந்து வைக்கலாம். வீரிய ஒட்டு வித்தின் மறுவித்து தாய்ச்செடியை ஒத்து வாராது. ஆதலால் நாட்டு வகைகளே இதற்கு ஏற்றவை.

சமையல்

தோட்டத்தில் உண்டான சத்து அடுப்பில் வீணாதல் கூடாது. காயை நறுக்குமுன் கழுவுக. நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். சிறிதளவு நீரில், மூடி வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் குழம்பிலோ இரசத்திலோ சேர்க்க வேண்டும். முருங்கைக்கீரையைக் கடைசியில் இட்டு விரைவில் இறக்குவதுடன் சிறிது எண்ணெயும் சேர்த்தால், அதிலுள்ள ஏ உயிர்ச்சத்தின் மூலப்பொருள் உடலில் நன்கு சேரும். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு ஆகும். வாழைத்தண்டும் வாழைப்பூவும் கறிக்கு ஆகும். இவற்றிலும் எஞ்சியது எருக்குழிக்கு உரியது.

ஆரோவிலில் 1997-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சூரியச் சமையற்கூடம், 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கிச் சமைக்குமாறு அமைக்கப்பட்டது. வீடுகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டுவதில்லை. மூடிச் சமைத்தலே விறகையும் சத்தையும் காக்கும்.

குடியானவர்கள் கவனிக்க

பல ஆண்டுகள் இரசாயன உரமிட்ட நிலத்தில் அதனைத் திடீரென நிறுத்தினால் முதற் சில போகங்களில் விளைச்சல் குறையக்கூடும். ஆகையால் முழு நிலத்தையும் ஒரேயடியாக மாற்றிக் கடன்படுதல் தகாது. கிணற்றடியில் இரண்டு சென்ட் நிலத்தில் தொடங்கி, வரவு செலவைக் குறித்துவைத்து, அனுபவம் கண்ட பின் விரிவாக்குக. ஆடி மாதத்தில் சணப்பு அல்லது கொழிஞ்சி விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், நிலம் அடுத்த பயிருக்குச் சித்தமாகும். வயலினின்று அடுப்பங்கரைக்குச் சென்றதில் எஞ்சியது திரும்ப வயலை அடையுமாயின், நிலம் ஆண்டுதோறும் வளம் பெறும்.