லிட்டரைப் பார்த்து பை வாங்காதீங்க

செமஸ்டர் லீவு வந்தால் நம்ம ஆட்கள் ஊட்டி பஸ் ஏறுவது புதுசு இல்லை. இப்போ லேக், கார்டன், பூங்கா கூட்டத்தைத் தாண்டி, எமரால்டு, அவலாஞ்சி பக்கம் நடக்கப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 40 மலைப் பாதைகளை ஆன்லைன் பதிவுக்குத் திறந்தது. அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா போகும் பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கு.

போகிறவர்கள் ஷூவைப் பற்றி பத்துப் பேரிடம் கேட்பார்கள். பையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காலேஜுக்குத் தூக்கிட்டுப் போற லேப்டாப் பையே மலைக்கும் போகும். புதுசா வாங்கினாலும் கடைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை லிட்டர் வேணும்?"

லிட்டர் என்பது அந்தப் பைக்குள் எவ்வளவு இடம் இருக்கு என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த எடை உங்க உடம்பில் எங்கே உட்காரும், வேண்டிய பொருளை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியும், மழையில் உள்ளே இருப்பது நனையுமா என்பதை அது சொல்லாது. மலையில் இந்த மூன்றும்தான் முக்கியம். அதனால் லிட்டரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, மற்ற கேள்விகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஊரைப் பாருங்க

எமரால்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று படித்திருப்போம். அந்தக் கணக்கில், சமவெளியில் 33 டிகிரி இருக்கும்போது எமரால்டில் சுமார் 20 டிகிரி. கோலாரிபெட்டா உச்சி 2600 மீட்டருக்கு மேல். அங்கே காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும்.

அடுத்தது மழை. 2019 ஆகஸ்ட் 8 அன்று எமரால்டுக்குப் பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் இங்கே ஒரே நாளில் கொட்டியிருக்கு. அப்படிப்பட்ட நாளில் யாரும் மலை ஏறப் போவதில்லை, போக விடவும் மாட்டார்கள். ஆனால் காலையில் வெயில் அடித்து மதியம் மழை பிடிப்பது அந்தப் பக்கம் சாதாரணம்.

குளிரும் ஈரமும் சேர்வதுதான் ஆபத்து. ஸ்வெட்டர் நம்மைச் சூடாக வைப்பது அதன் நூலிழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றால்தான். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், அசையாத காற்றைவிட சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஆக, பைக்குள் ஒரு காய்ந்த ஸ்வெட்டர் கடைசி வரை காய்ந்தே இருக்கணும். நல்ல பை, மோசமான பை என்பதை இதை வைத்தே பிரிக்கலாம்.

எடை போட்டுப் பாருங்க

ஒரு நாள் நடைக்கு என்னென்ன வேணும்? தோராயமான கணக்கு இது:

ஒரு லிட்டர் தண்ணீர், ஸ்டீல் பாட்டிலோடு: 1.35 கிலோ
ஸ்வெட்டர்: 0.5 கிலோ
மாற்று சட்டை, சாக்ஸ்: 0.5 கிலோ
மழைக்கோட்டு: 0.4 கிலோ
சாப்பாடு: 0.5 கிலோ
டார்ச், பவர் பேங்க்: 0.3 கிலோ
மருந்து, பேண்டேஜ்: 0.2 கிலோ
பையின் எடை: 0.75 கிலோ

மொத்தம் 4.5 கிலோ. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை, பிள்ளைகள் தூக்கும் பை அவர்கள் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு நாள் நடைக்கு நமக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. நம்ம பட்டியல் அதற்குள் அடங்குது. "ஹாஸ்டல்ல வெச்சா பயமா இருக்கு"ன்னு லேப்டாப்பையும் சார்ஜரையும் சேர்த்தால் இன்னொரு 2 கிலோ ஏறும், அளவு தாண்டிடும்.

ஸ்டீல் பாட்டிலை ஒரு காரணத்தோடுதான் சொன்னேன். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கு. மாவட்ட எல்லையில் உள்ள சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் ஸ்டீல் பாட்டில் ஆழமாக உட்காருதா, குனிந்தால் விழாமல் நிற்குதா என்று பார்ப்பது அவசியம். பல பைகளில் அந்தப் பாக்கெட் பேருக்குத்தான் இருக்கும்.

எடை எங்கே தொங்குது?

இது முதல் வருஷ மெக்கானிக்ஸ். 6 கிலோ பை கீழே இழுக்கும் விசை சுமார் 59 நியூட்டன். பையின் ஈர்ப்பு மையம் முதுகெலும்பிலிருந்து 15 செ.மீ. பின்னால் இருந்தால் டார்க் 59 × 0.15, அதாவது 8.9 நியூட்டன் மீட்டர். அதே எடை 25 செ.மீ. தள்ளி இருந்தால் 14.8.

இந்த டார்க்கை உடம்பு எப்படியாவது சமன் செய்யணும். நேராக நின்றபடி தசையால் மட்டும் சமன் செய்வதாக வைத்துக்கொள்வோம். உடம்பின் தசைகள் எலும்புக்கு மிக அருகில், சுமார் 5 செ.மீ. தூரத்தில் இருந்து இழுக்கின்றன. 8.9-ஐ 0.05-ஆல் வகுத்தால் 178 நியூட்டன். 14.8-ஐ வகுத்தால் 296 நியூட்டன். அதாவது 18 கிலோ தூக்கும் விசைக்குப் பதிலா 30 கிலோ தூக்கும் விசை. பையில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை, 10 சென்டிமீட்டர் பின்னால் போனதற்கு இந்த விலை.

நிஜத்தில் நாம் முன்னால் சாய்ந்து இதைக் குறைத்துக்கொள்கிறோம். ஏற்றத்தில் அது சரிப்படும். இறக்கத்தில், அதுவும் ஈரமான மண்ணில், முன்னால் சாய முடியாது. பின்னால் தொங்கும் பை குதிகால் பக்கம் இழுக்கும், கால் வழுக்கும். மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

அதனால் தடித்து உருண்டையாக இருக்கும் பையைவிட, ஒல்லியாக உயரமாக இருக்கும் பை மேல். தண்ணீர், சாப்பாடு மாதிரி கனமானவற்றை முதுகை ஒட்டி, பையின் நடு உயரத்தில் வையுங்க. துணிமணி வெளிப்பக்கம். பைக்குப் பக்கவாட்டில் இறுக்கும் ஸ்ட்ராப் இருந்தால் நல்லது. பாதி காலியான பையில் சாமான் ஆடாமல் அதுதான் பிடித்து வைக்கும்.

இடுப்புப் பட்டையும் முதுகின் நீளமும்

தோள் தசையால் நாள் முழுக்க எடை தாங்க முடியாது. இடுப்பு எலும்பால் முடியும். மெத்தை வைத்த இடுப்புப் பட்டை எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றும். ஆனால் பட்டை இடுப்பு எலும்பு மேல் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். வயிற்றில் உட்கார்ந்தால் மூச்சைத்தான் பிடிக்கும்.

இதைச் சரிபார்க்க முதுகின் நீளம் தெரியணும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து, இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு உயரம் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்க. ஒரே உயரம் உள்ள இரண்டு பேருக்கு இது வேறு வேறாக இருக்கலாம். நண்பனுக்குப் பொருந்திய பை உங்களுக்கும் பொருந்தும் என்று நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடாமல் இருப்பது இதனால்தான். 20 லிட்டர் பைகளில் வரும் மெல்லிய நாடா எடையை மாற்றாது, பை ஆடாமல் மட்டும் பார்த்துக்கும். 5 கிலோவுக்கு அது போதும்.

எத்தனை தடவை திறப்பீங்க?

எமரால்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கிற அக்காக்களின் முதுகில் தொங்கும் பையைக் கவனியுங்க. அதற்கு மூடியே கிடையாது. கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் போடணும். ஒரு நாளில் எத்தனையோ நூறு தடவை. ஜிப் இருந்தால் வேலை நடக்காது. இலையை அழுத்தி அடைத்தால் கசங்கிச் சூடேறிச் சிவந்து தரம் கெடும் என்பதால், காற்றுப் போகும்படியும் இருக்கணும். அந்தப் பையின் வடிவத்தை முடிவு செய்தது அந்த வேலை.

இதற்கு நேர் உறவு டிஸ்க் கோல்ஃப் பை. நம்ம ஃபிரிஸ்பீ டீம் ஆட்களுக்கு இந்த விளையாட்டு தெரிந்திருக்கும். 1970களில் அமெரிக்காவில் உருவானது. பந்துக்குப் பதிலா டிஸ்க், குழிக்குப் பதிலா சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. 18 கூடை முடிக்க ஐம்பது தடவைக்கு மேல் எறிய வேண்டியிருக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு எறிக்கும் பையை இறக்கி, ஒரு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மறுபடி மாட்டணும். அதனால் அந்தப் பை கீழே வைத்தால் சாயாமல் நிற்கும். வாய் அகலமாகத் திறந்தே இருக்கும். வீட்டில் ஸ்டாண்டில் தட்டு அடுக்குகிற மாதிரி டிஸ்க்குகள் விளிம்பில் நிற்கும். 175 கிராம் வீதம் 20 டிஸ்க் என்றால் 3.5 கிலோ, அதற்கு இரண்டு தோள் பட்டை வேணும். மூன்றே டிஸ்க்கோடு ஆடத் தொடங்குபவருக்கு ஒரு சின்னத் தோள் பை போதும்.

மலை நடைக்கு நாம் பையை முழுசாகத் திறப்பது மூன்று நான்கு தடவைதான். எனவே மேல் வாய் பை போதும். ஜிப் குறைய குறைய ஓட்டையும் குறையும். ஆனால் மழைக்கோட்டு மட்டும் பத்து விநாடியில் கைக்கு வரணும். அதற்கு வெளியே தனிப் பாக்கெட் பார்த்து வாங்குங்க.

மழை எங்கே புகும்?

பைத் துணியில் 600 டெனியர் என்று போட்டிருப்பார்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். நூல் எவ்வளவு தடிமன் என்று சொல்லும், தண்ணீர் புகாது என்று சொல்லாது. தண்ணீரைத் தடுப்பது உள்பக்கம் பூசிய பூச்சு. பூச்சு நன்றாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் உள்ளே வரும்.

ரெயின் கவர் போட்டால் போதும் என்று நினைப்போம். அது வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும். முதுகு பக்கம் திறந்தே இருக்கும். கழுத்தில் விழும் மழை முதுகு வழியே ஓடி பையின் பின்புறத்தில் சேரும். எனவே காப்பு உள்ளே இருக்கணும். வாயைச் சுருட்டிப் பூட்டும் 'டிரை பேக்' ஒன்றில் ஸ்வெட்டரையும் மாற்றுத் துணியையும் போட்டு, அதைப் பைக்குள் வையுங்க. பாலிதீன் கவர் வேண்டாம்: சீக்கிரம் கிழியும், நீலகிரியில் தடையும் இருக்கு.

கடையில் செய்ய வேண்டியது

மேலே போட்ட பட்டியலில் உள்ள சாமானை ஒரு துணிப்பையில் கட்டி கடைக்கே கொண்டு போங்க. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. எல்லாவற்றையும் புதுப் பையில் அடுக்கி, பட்டைகளை இறுக்கி, மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்க. இறங்கும்போது பை பின்னால் இழுக்குதா? பையைக் கழற்றாமல் பாட்டில் எடுக்க முடியுதா? கண்ணை மூடிக்கொண்டு மழைக்கோட்டு எடுக்க முடியுதா? இதில் தேறிய பை எத்தனை லிட்டர் என்று அப்புறம் பாருங்க. ஒரு நாள் நடைக்குப் பெரும்பாலும் 20-க்கும் 25-க்கும் நடுவில் வந்து நிற்கும். அதற்கு மேல் வாங்கினால், மீதி இடத்தில் எதையாவது போட்டு நிரப்பத்தான் கை போகும்.

புதுசு வாங்கக் காசு இல்லையா? காலேஜ் பையிலேயே லேப்டாப் அறை முதுகை ஒட்டி இருக்கும். தண்ணீரை அங்கே வையுங்க. மார்புக்குக் குறுக்கே இரண்டு தோள் பட்டைகளையும் இணைக்க ஒரு நாடாவும் கிளிப்பும் தைத்துக்கொள்ளுங்க, பை ஆடாது. ஒரு டிரை பேக் மட்டும் வாங்கி உள்ளே போடுங்க. இது கோலாரிபெட்டாவுக்கும் போதும். ஸ்வெட்டர் நனையாமல் திரும்பி வந்தால் உங்க பை பாஸ்.