இருபது வருசமாச்சு, இன்னுமோ?

வடமராட்சி கிழக்கில் சில வீடுகளில் இன்றைக்கும் கேட்கும் கேள்வி இது. மாரிக் கடல் இரைந்தால் எழும்பிக் குந்திவிடும் தகப்பனிடம், தொழிலுக்குப் போக மறுக்கும் தமையனிடம் கேட்பது. தயவுசெய்து கேட்காதீர்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் தப்பியவர்களில் பெரும்பாலோர் காலப்போக்கில் தேறினார்கள். தேறாதவர் கோழையல்ல.

சுனாமி நடந்த சில கிழமைகளில், மணற்காடு உட்பட இலங்கையின் மூன்று கரையோர இடங்களில் 264 பிள்ளைகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரை இருந்தது. அலையில் கண்டதும் வீட்டில் இழந்ததும் மட்டுமல்ல, அதற்கு முன்பே பட்டதும் அதைக் கூட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த முன்கதை ஷெல்லடியும் இடப்பெயர்வும். பின்கதையும் உண்டு: 2009 வரை திரும்பவும் போர். ஆகவே சுனாமியை மட்டும் கிளறாமல், பாதிக்கப்பட்டவர் எங்கே தொடங்குகிறாரோ அங்கிருந்து கேளுங்கள். பேச விருப்பமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம்.

உடல் கிடைக்காத சாவுதான் மிகவும் இழுபடும். அந்தியேட்டியோ 31-ஆம் நாள் பூசையோ செய்தால் 'நாங்களே சாகடித்ததாகிவிடும்' என்று தாய்மார் தயங்குவார்கள். 'செத்தாச்சு, ஒத்துக்கொள்' என்று நெருக்காதீர்கள். பிறந்தநாளுக்கு ஒரு விளக்கு, பிடித்த சாப்பாட்டில் ஒரு படையல் போதும். உடுத்துறை நினைவாலயத்துக்கு வர விரும்பினால் கூடப் போங்கள், இழுத்துப் போகாதீர்கள்.

சிகிச்சை பலிக்கும். சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் நடந்தன. ஒரு பகுதியினர் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொன்னார்கள். மறு பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் இரு பகுதியிலும் பெரும்பாலோர் தேறியிருந்தனர். ஆனால் கதை சொல்விப்பது பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரின் வேலை. வீட்டில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். மூச்சுப் பயிற்சியைச் சேர்ந்து செய்யலாம்.

நித்திரைக்கென்று தொடங்கும் சாராயத்தை மட்டும் விட்டுவைக்காதீர்கள். குடித்தவுடன் கண் அயரும், விடியப்புறம் கெட்ட கனவோடு எழுப்பும். நோயை நாட்படுத்துவதில் அதற்குப் பெரிய பங்குண்டு. குடியோடு நித்திரையின்மையும் தொடர்ந்தால் யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாகிற கதை கதைத்தால் தனியே விடாமல் அன்றைக்கே போங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வைத்தியர் தரும் மாத்திரையை, சுகமாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.