ஆங்கிலம் பழகுவோம்: "பைட்" என்றால் கடிப்பதா?



ஒரு கண்காட்சியில் நம் குழு அக்கா ஒருவர் பலகாரக் கடை போட்டிருந்தார். சூடு ஆறிடக் கூடாதுன்னு வடையையும் சுண்டலையும் மூடி வைத்திருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, "எனிதிங் ஃபார் எ குவிக் பைட்?" என்று கேட்டார். அக்காவுக்குத் தெரிந்த 'பைட்' நாய்க்கடிதான்! மிரண்டுபோய் "நோ, நோ" என்று சொல்லிவிட்டார். வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். "கடன் தவணை கட்டணும் மேடம். பண்டம் இருந்தும் வார்த்தை தெரியாம வியாபாரம் போச்சே" என்று அவர் வருத்தப்பட்டார். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

1. குவிக் பைட்: அவசரத்துக்குச் சாப்பிடும் சிறு தீனி. "கிராப் எ பைட்" என்றும் சொல்வார்கள். 'கிராப்' என்றால் பறிப்பது. ஆனால் இங்கே யாரும் எதையும் பறிக்கவில்லை. 'சட்டுனு ஏதாவது வாயில் போட்டுக்கலாம்' என்பதுதான் பொருள்.

2. பெக்கிஷ்: இங்கிலாந்துக்காரர்கள் சொல்வது. "ஐ ஆம் எ பிட் பெக்கிஷ்" என்றால் லேசாகப் பசிக்கிறது. முழுச் சாப்பாடு வேண்டாம், இரண்டு வடை போதும்.

3. நிபிள், மஞ்ச்: நிபிள் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பது. மஞ்ச் என்றால் நறுக் நறுக்கென்று மெல்லுவது. "சம்திங் டு மஞ்ச் ஆன்" என்று கேட்டால் முறுக்கு, தட்டையைக் காட்டுங்கள்.

4. டேக் அவே: நாம் சொல்லும் பார்சல்தான். அமெரிக்கர்கள் "டு கோ" என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இவை பழகியவர்களிடம் பேசும் பேச்சு. வங்கி மேலாளரோ அதிகாரியோ வந்தால், "உட் யூ லைக் சம்திங் டு ஈட்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் கடைக்காரர். கேள்வி கேட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. கேட்டது புரியவில்லையா? "நோ" மட்டும் சொல்லாதீங்க. சிரித்த முகத்தோடு மூடியைத் திறந்து, "ப்ளீஸ் ஹேவ் எ லுக்" என்று காட்டுங்கள். மீதியை வடை வாசனை பேசிக்கொள்ளும்!