கடற்பயணம்: கரையிலேயே முடிக்க வேண்டிய ஆயத்தங்கள்

பெங்களூருவுக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் சென்னை, மும்பை, சிங்கப்பூர் துறைமுகங்களிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களில் விடுமுறையைக் கழிக்க இந்நகரத்தார் பலரும் விரும்புகின்றனர். கப்பல் கரையை விட்டு அகன்றபின் மருத்துவமனையும் வங்கிக் கிளையும் எட்டாத் தொலைவில் இருக்கும். ஆகவே முன்னேற்பாடுகள் புறப்படுமுன்பே நிறைவுற வேண்டும்.

உடல்நலம்

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் இருந்தனர். அவர்களுள் இந்தியர் 138 பேர், பெரும்பாலோர் பணியாளர். எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொரோனா தொற்றியது. பயணிகள் ஏறத்தாழ இரண்டு வாரம் அறைகளிலேயே தனிமைப்படுத்தப்பட்டனர். நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோர் பயண நாட்களுக்கும் கூடுதலாக மருந்துகளை மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வைத்துக்கொள்வது நன்று. கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். இதற்குக் கிருமிநாசினித் திரவம் மட்டும் போதாது. உண்பதற்கு முன் சோப்பிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது.

பாதுகாப்பு

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ கப்பல் பாறையில் மோதியதில் 32 பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. அதன்பின், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே பயிற்சி நடத்த வேண்டும் எனச் சர்வதேச விதி திருத்தப்பட்டது. அப்பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். ஏழு குறுகிய ஒலிகளைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி எழுந்தால், உயிர்காப்பு அங்கியுடன் குறித்த இடத்திற்குச் செல்ல வேண்டும்.

காப்பீடு

உள்நாட்டு மருத்துவக் காப்பீடுகளுள் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பொருந்தா. கப்பல் மருத்துவரின் கட்டணமும் பெரும்பாலும் பயணியின் கணக்கிலேயே சேர்க்கப்படும். எனவே பயணக் காப்பீடு பெறுமுன் இவற்றை வினவுங்கள்:

• கப்பற்பயணம் உள்ளடங்குமா?
• நோயாளியைக் கரைசேர்க்கும் செலவு கிடைக்குமா, உச்சவரம்பு எவ்வளவு?
• முன்பே உள்ள நோய்களுக்கு என்ன நிபந்தனை?

இருக்கும் நோயை மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். இரசீதுகளையும் மருத்துவ அறிக்கைகளையும் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், பெங்களூருவிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம்.

வங்கி அட்டை

புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே இயக்கி, உச்சவரம்பை நிர்ணயித்து, திரும்பியதும் நிறுத்திவிடுங்கள். காப்பீட்டு எண்ணையும் உதவித் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி உடன்வருவோரிடமும் ஒரு படி கொடுங்கள். நடுக்கடலில் கைப்பேசித் தொடர்பு கிட்டாமற்போகலாம்.