ஒட்டுப்போர்வை

சேர்வராயன் மலைமீதுள்ள கரடியூரில் மார்கழிக் குளிர் கடுமையானது. பழந்துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த கனத்த போர்வை அக்குளிருக்கு மிகவும் உகந்தது. ஆயினும், அதனைத் தைப்போர்க்கு (சிலப்பதிகாரம் இவரைத் துன்னகாரர் என்னும்) நான்கு துண்டுகள் கூடும் சந்தியே இடர் விளைவிக்கும். இரண்டிரண்டாய்த் தைத்த வரிசைகளைச் சேர்க்குங்கால், உட்புறத் தையலோரங்கள் யாவும் ஒரே பக்கம் மடிந்திருப்பின் அச்சந்தியில் துணி 9 அடுக்காகும். ஆங்கே ஊசி முறியும். புடைத்த அவ்விடமே முதலில் தேய்ந்து கிழியும். குளிரும் அவ்வழியே புகும்.

ஆதலின், மேல்வரிசையின் ஓரத்தை வலப்புறமும் கீழ்வரிசையின் ஓரத்தை இடப்புறமும் மடித்தல் வேண்டும். அப்போது இரண்டும் ஒன்றோடொன்று கவ்விப் பொருந்தும். அடுக்குகளும் 7-க்கு மேற்படா. ஓரங்களை இருபுறமும் விரித்துத் தேய்த்தால் 4 அடுக்கே நிற்கும். எனினும், கைத்தையலுக்கு அஃது அத்துணை உறுதியன்று. ஓரம் கால் அங்குலம் இருந்தாற் போதும். முக்கோணத் துண்டுகளில் காதுபோல் நீண்டு நிற்கும் முனைகளை நறுக்கிவிடுதல் நன்று.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் வேறொரு முறையைக் கையாளுகின்றனர். அவர்கள் பழம்புடவையை அடியில் விரித்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டுத்தையலால் பதிப்பர். நான்கு மூலைகளிலும் பூப்போன்ற சிறுதுண்டுகளை வைத்துத் தைப்பர். அவையில்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு நிறைவுடையதன்று.